இன்சொல்லும் மௌனமும்

ஒரு வித்தியாசாலையிலே உடன் வேலைசெய்வோருள் ஒருவர் குற்றத்தை மற்றொருவர் கண்டால், அதனை எடுத்துச் சொல்லுதல் இன்சொல்லுக்கு மாறாகுமோ, சொல்லாதிருத்தல் வாய்மைக்கு மாறாகுமோ என்பது ஆசிரியத் தொழில் பூண்ட நம்மனோர் ஆராயத்தக்க வினாவாம். பெரும்பாலார் முன்னதற்கு அஞ்சிச் சொல்லாதே விடுகின்றனர். அதனால் ஆசிரியர் அறை அமைதியாயிருக்கும்; தேநீர் வேளைக்கு வரும்; ஒருவரும் முகஞ்சுளியார். அவ்வமைதியே நல்லிணக்கம் என்று யாமும் நெடுங்காலம் நம்பியிருந்தோம்.

திருக்குறளிலே இனியவைகூறல் இல்லறவியலிலும், வாய்மை துறவறவியலிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. இவ்வைப்பைக் காட்டி, "நாமெல்லாம் இல்லறத்தார், நமக்கு இனிமை போதும்" என்று அன்பரொருவர் வேடிக்கையாகச் சொன்னதுண்டு. புறங்கூறாமையும் அவ்வில்லறவியலிலேயே இருத்தலை அவர் மறந்தார். நேரே சொல்லப்படாத சொல் அவ்வளவில் ஒழிந்துபோவதில்லை. இனிமையின் பெயரால் வாய்மூடியிருந்தவரே அடுத்த பாடவேளையில் அக்குற்றத்தைப் பிறரோடு பேசி நகைத்தலை யாம் கண்டிருக்கின்றோம், யாமும் உடன்நகைத்திருக்கின்றோம்.

எமது பிழையொன்றைச் சொல்லுகின்றோம். பல ஆண்டுகளுக்கு முன் யாம் பிரதி அதிபராயிருந்த பாடசாலையொன்றுக்குக் கணிதம் படிப்பிக்க இளைஞர் ஒருவர் வந்தார். பிள்ளைகள் அவரிடத்து மிகப் பிரியமுடையராயினர். ஆயின் அவர் அப்பியாசக் கொப்பிகளைத் திருத்தும் முறை செவ்விதன்று. விடையை மாத்திரம் பார்த்துச் சரியிடுவார். செய்த வழி பிழைத்திருத்தலையும், அயலானைப் பார்த்தெழுதியிருத்தலையும் காணார். முதலாந் தவணையிலேயே இதனைக் கண்டும், 'இளையவர், மனம் நோவாரே' என்று விட்டோம். இரண்டாந் தவணையிலும் விட்டோம். மூன்றாந் தவணை முடிவிலே ஒரு தாய் கொப்பியோடு வந்து, "ஐயா, பின்னங் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு இத்தனை சரி எப்படி வந்தது?" என்று வினாவினார். அதன்பின்னரே அதிபருக்கு அறிவித்தோம். அவர் சம்பவத்திரட்டுப் புத்தகத்திலே அதனை எழுதி, இளைஞரைக் கையொப்பமிடச் செய்தார்.

ஒப்பமிட்ட இளைஞர் நேரே எம்மிடம் வந்தார். "ஐயா, இதனை நீங்கள் எப்போது கண்டீர்கள்?" என்றார்.

"மாசியில்" என்றோம்.

"அப்பொழுதே சொல்லியிருந்தால் வைகாசிக்குள் திருந்தியிருப்பேனே" என்றார். அவர் கோபித்திருந்தாலாவது எமக்குச் சிறிது ஆறுதலாயிருந்திருக்கும். அவர் கோபிக்கவில்லை.

அன்றிரவு எம்மை யாமே வினாவிக்கொண்டோம். ஓராண்டாக யாம் காத்தது அவர் மனத்தையோ? அன்று. சொல்லும்போது எமக்கு உண்டாகும் கூச்சத்தினின்று எம்மையே காத்துக்கொண்டோம். அதற்கு இன்சொல் என்று பெயருமிட்டோம். அக்காவலுக்கு ஒரு வகுப்புப் பிள்ளைகள் ஓராண்டுப் படிப்பை விலையாகக் கொடுத்தார்கள்.

அங்ஙனமாயின் உண்மையாவதனை எவ்விடத்தும் எவ்வாறும் சொல்லிவிடலாமோ எனின், அதுவுமன்று. யாம் இளமையிற் கற்ற மிஷன் பாடசாலையிலே, தலைமையாசிரியர் ஓர் உபாத்தியாயரை எங்கள் முன்னிலையிலேயே கண்டித்தார். சொன்னது முழுதும் உண்மை. ஆயினும் அன்றுமுதல் அவ்வுபாத்தியாயருக்கு எங்கள் வகுப்பு அடங்கவில்லை. அடங்காதவருள் யாமும் ஒருவர். ஆதலின் இனிமை என்பது சொல்லும் இடத்தையும் காலத்தையும் குரலையும் பற்றியது. சொல்லும் பொருளைக் குறைப்பதன்று என்பதே எமது துணிபு.

நாவலர் அவர்கள் சரித்திரத்தை இந்நோக்கோடும் படிக்கலாம். அவர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராகி, பார்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பிலே உழைத்தார். இருவரும் சமயத்தால் வேறானவர். அவ்வேறுபாடு இருவருக்கும் தெரிந்ததே. 1847ஆம் ஆண்டின் இறுதியிலே வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிற் சைவப்பிரசங்கத்தைத் தொடங்கினபோது நாவலர் பாதிரியாரிடத்து வேலையினின்றும் நீங்கியிருக்கவில்லை. பிரசங்கம் ஊரறியக் கோயிலில் நடந்தது. 1848இல் வேலையை விட்டு, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாமையினாலன்றோ இத்துணை மாறுபட்ட இருவர் ஒரு மேசையிலிருந்து ஆண்டுக்கணக்காக ஒரு வேலையைச் செய்தல் கூடிற்று!

அத்துணைப் பழைய காலத்துக்குப் போகவேண்டுவதுமில்லை. 1902இல் தொடங்கி 1920இல் முடிந்த இரணைமடுக் குளத்தின் நீரை உண்டு விளைவன எமது உருத்திரபுரத்து வயல்கள். சிறுபோகத்துக்கு முன்னே, குளத்தில் உள்ள நீரை நோக்கி, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், நீரை எந்நாளில் திறக்கலாம் என்று கமக்காரரும் அதிகாரிகளும் கூடித் தீர்மானிப்பர். வாய்க்காலின் தலைப்பில் வயலுடையாரும் கடைக்கோடியில் வயலுடையாரும் ஒரே மண்டபத்தில் இருப்பர். "போனமுறை உன் பக்கத்து மதகு இராவிலே திறந்துகிடந்தது" என்று ஒருவர் எழுந்து முகத்துக்கு நேரே சொல்லுவார். மற்றவர் மறுப்பார். குரல் உயரும். கூட்டங் கலைந்தபின் இருவரும் ஒரே கடையில் தேநீர் குடிப்பர். நீர் திறந்தபின் சொல்லுவதாற் பயனில்லையென்பது அவர்களுக்குத் தெரியும். பட்டம் பெற்ற நமக்கோ தவணை முடிந்தபின்னரே நா எழுகின்றது.

யாம் அதிபரானபின், தவணைத் தொடக்கத்திலே ஒரு நாள் பாடசாலை விட்டபின் கூடியிருந்து, முதலில் எமது குறையைச் சொல்லும்படி ஆசிரியர்களைக் கேட்டோம். தன் குறையைக் கேளாத தலைவன் பிறர்குறை சொல்லப் புகுதல் முறையன்றென்று எண்ணினமையால் அவ்வாறு செய்தோம். முதன்முறை ஒருவரும் வாய்திறக்கவில்லை. யாம் அதற்காக உள்ளே மகிழ்ந்ததையும் ஒளியாது சொல்லுகின்றோம். இரண்டாமுறை, ஆரம்ப வகுப்பு ஆசிரியை ஒருவர், "ஐயா, நேரசூசியை மாற்றிப் பலகையில் எழுதிவிட்டுப் போய்விடுகிறீர்கள்; எங்களை ஒரு வார்த்தை கேட்பதில்லை" என்றார். மற்றவர் யாவரும் தலைகுனிந்து கொப்பி திருத்தத் தொடங்கினர். எமக்கு மறுமொழிகள் பல நாநுனியில் வந்து நின்றன. அவற்றை விழுங்கி, "சரி, அம்மா" என்று குறித்துக்கொண்டோம்.

அடுத்த நேரசூசியை எழுதுமுன் அதன் வரைவை ஆசிரியர் அறை மேசைமேல் வைத்தோம். இரண்டு நாளில் ஐந்து திருத்தங்கள் வந்தன. அவற்றுள் மூன்று நியாயமானவை.