தயங்கும் மருத்துவரும் துணியும் நோயாளியும்

நெடுநாள் பழகிய மருத்துவர் ஒருவர், தம்மை நாடி வருபவர் விரும்பிக் கேட்கும் சிகிச்சைக்கு உடன்படத் தயங்குகிறார். கேட்பவரோ தம் உடலின் துன்பத்தைத் தாமே நாளும் அறிந்தவர், துணிந்து நிற்கிறார். இவ்விருவருள் எவர் சொல் நிற்றல் வேண்டும்? கற்றவர் சொல்லா, உற்றவர் சொல்லா? மருத்துவம் தோன்றிய நாள்முதல் இக்கேள்வியும் உடன் வந்திருக்கிறது. ஆயினும், உடற்பருமனைக் குறைப்பதற்கு இரைப்பையை அறுத்துச் சிறிதாக்கும் முறை பரவிவிட்ட இக்காலத்தில் அது புதிய கூர்மை பெற்றிருக்கிறது. உயிர் போகும் தறுவாயில் செய்யப்படும் அறுவையில் இவ்வினா எழ நேரமில்லை. நடமாடிக்கொண்டிருக்கும் ஒருவர் தாமே முன்வந்து கேட்கும் அறுவையில்தான் அது முழு உருவம் கொள்கிறது.

ஜொகூர் பாரு நகரில் வாழும் ஒரு தாயை எடுத்துக்காட்டாகக் கருதலாம். அவருடைய பெற்றோர் குளாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். விடியுமுன் எழுந்து மேடும் பள்ளமும் நடந்தவர்கள். மகளுக்கு வாய்த்ததோ பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இரவு முறை வேலையும் அடுக்குமாடி வீடும். கணவர் விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். சமைக்க நேரமில்லாத நாள்களில் கடையில் வாங்கும் ரொட்டி சானாயும் நாசி லெமாக்கும் பசியாற்றுகின்றன. அவருக்கு வயது 45. உயரம் 155 செண்டிமீட்டர். எடை 83 கிலோகிராம். ஒன்பது ஆண்டுகளாக இனிப்புநீர் நோய். முழங்காலில் ஓயாத வலி. அறுவை செய்துகொள்ள விரும்புவதாக அவர் சொன்னதும் மருத்துவர் கூறுகிறார்: “அதெல்லாம் வேண்டாம் அம்மா, சாப்பாட்டைக் குறையுங்கள், தினமும் நடங்கள்.” அவர் மறுமொழி சொல்கிறார்: “ஒன்பது வருஷமாக அதைத்தானே செய்து பார்க்கிறேன், டாக்டர்.” உரையாடல் அவ்வளவில் முடிகிறது.

இத்தாய் கற்பனை, ஆனால் அவர் நிலை கற்பனையன்று. 2019-ஆம் ஆண்டில் மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், வயது வந்தோருள் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள் எனத் தெரியவந்தது. 2023-இல் அது 54.4 விழுக்காடாக உயர்ந்தது. 2019 ஆய்வின்படி நாட்டின் பெரிய இனங்களுள் இந்தியரிடையேதான் இக்குறை மிகுதி. அதே ஆய்வில் மக்கள் தொகையில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. இத்தகைய எண்களைத் தனிமனிதரின் நாவடக்கமின்மை என்று மட்டும் விளக்கிவிட முடியாது. உழைப்பு மாறியது, உறக்கம் மாறியது, உணவு மாறியது, ஊரே மாறியது. உடல் மட்டும் மாறாதிருக்குமா?

மருத்துவரின் தயக்கத்தை எளிதாகத் தள்ளிவிடுதலும் முறையன்று. அதற்கு வரலாறு இருக்கிறது. 1954-இல் அமெரிக்காவில் சிறுகுடலின் பெரும் பகுதியைத் தவிர்த்து உணவைச் செலுத்தும் அறுவை முறை எடுத்துரைக்கப்பட்டது. எடை குறைந்தது உண்மை. ஆனால், பலருக்குக் கல்லீரல் கெட்டது, சிறுநீரகத்தில் கற்கள் தோன்றின, ஊட்டம் குன்றியது. காலப்போக்கில் மருத்துவ உலகம் அம்முறையைக் கைவிட்டது. 1966-இல் ஐயோவா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எட்வர்ட் மேசன் இரைப்பை மாற்றுவழி அறுவையைத் தொடங்கினார். இன்று வயிற்றில் சிறு துளைகள் இட்டுச் செய்யப்படும் முறைகள் அவ்வழியில் வளர்ந்தவை. நன்மை என்று நம்பிச் செய்தது தீமையாய் முடிந்ததைக் கண்ட துறையில் தயக்கம் ஒரு நற்பண்பேயாகும். நோயாளிக்குக் கேடு செய்யாதிருத்தல் மருத்துவ அறத்தின் அடிப்படை. நலமான உறுப்பொன்றை அறுப்பதற்கு முன் ஒரு மருத்துவர் இருமுறை சிந்திக்கிறார் என்றால் அவரை யாரும் கோழை என்று கூறார்.

ஆனால், வரலாறு 1954-ஓடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் 4,776 பேரை ஆராய்ந்து 2009-இல் வெளியான முடிவின்படி, அறுவைக்குப்பின் முப்பது நாள்களுக்குள் இறந்தோர் ஆயிரத்துக்கு மூவர். சுவீடனில் 1987-இல் தொடங்கிய ஆய்வு 4,047 பேரைப் பின்தொடர்ந்தது. ஏறத்தாழப் பதினோராண்டு முடிவில், அறுவை செய்துகொண்ட 2,010 பேருள் 101 பேர் இறந்திருந்தனர். செய்துகொள்ளாத 2,037 பேருள் 129 பேர் இறந்திருந்தனர். அவ்வாய்வின் 2020-ஆம் ஆண்டு அறிக்கை, அறுவை செய்துகொண்டோர் மற்றவரைவிடச் சராசரியாக மூன்றாண்டு கூடுதலாக வாழக்கூடும் என்றது. ஆனால், பொதுமக்களின் ஆயுளைவிட அவர்களுடைய ஆயுள் ஐந்தரை ஆண்டு குறைவு என்றும் சேர்த்தே சொன்னது. ஆகவே, அறுவை மாயமும் அன்று. மரணப் பொறியும் அன்று. அளந்தறியத்தக்க நன்மையும் அளந்தறியத்தக்க தீங்கும் உடைய ஒரு வழி, அவ்வளவே.

எவருக்கு அறுவை தகும் என்னும் அளவுகோலும் மாறியிருக்கிறது. கிலோகிராமில் கண்ட எடையை, மீட்டரில் கண்ட உயரத்தின் இருமடியால் வகுத்துப் பெறும் எண்ணே உடல் நிறைச் சுட்டு எனப்படும். 1991-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட நெறி, அவ்வெண் 40-ஐ எட்டியவருக்கும், 35-ஐ எட்டிக் கடுமையான உடன்நோய்களும் உடையவருக்கும் மட்டுமே அறுவையைப் பரிந்துரைத்தது. ஆசியர்க்குக் குறைந்த எடையிலேயே நோய் தொடங்குகிறது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் எடுத்துக்காட்டியது. 2022-இல் அனைத்துலக அறுவை வல்லுநர் அமைப்புகள் புதுநெறி வகுத்தபோது, ஆசியர்க்கு 27.5 என்னும் அளவிலிருந்தே அறுவையை ஒரு வழியாக முன்வைக்கலாம் என்றன. மேற்சொன்ன தாயின் சுட்டெண் 34.5. பழைய நெறிப்படி அவர் வாயிலுக்கு வெளியே நிற்பவர். புதிய நெறிப்படி உள்ளே வரத்தக்கவர். மருத்துவரின் தயக்கம் அன்பில் பிறந்ததா, அனுபவத்தில் பிறந்ததா, பழைய பாடத்தில் பிறந்ததா? காரணம் கூறப்படாதவரை இதனை எவரும் அறிய இயலாது. தயக்கத்தின் தகுதி அதன் காரணத்தில் இருக்கிறது.

இவ்விடத்தில் திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் ஊன்றிப் படிக்கத்தக்கது. அதன் முதல் ஏழு குறள்கள் அளவோடு வாழ்தலையும், முன்னுண்டது செரித்தபின் உண்ணுதலையும், மிகுதியாக உண்பதால் வரும் கேட்டையும் பேசுகின்றன. இறுதி மூன்றுமே நோயைத் தீர்க்கும் முறையைப் பேசுகின்றன. உடல் பருத்தவரைக் கண்டதும் முதல் ஏழு குறள்களின் கருத்தை நினைவூட்டிவிட்டு ஓய்ந்துவிடுவது எளிது. ஆனால், நோய் வராதிருக்கச் சொன்ன அறிவுரை, நோய் வந்துவிட்டவர் முன் பழிச்சொல்லாக மாறிவிடுகிறது. வள்ளுவர் அவரைப் பழியோடு விட்டுவிடவில்லை. நோய் இன்னதென்றும் அதன் முதற்காரணம் இன்னதென்றும் ஆராயச் சொல்கிறார். நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கருதச் சொல்கிறார். இறுதிக் குறளில் மருத்துவத்தின் நான்கு உறுப்புகளை எண்ணும்பொழுது, மருத்துவருக்கும் மருந்துக்கும் உடனிருந்து உதவுபவருக்கும் முன்னதாக நோயுற்றவரையே முதலில் வைக்கிறார். நோயாளி மருத்துவத்தை ஏற்கும் வெறும் பாத்திரம் அல்லர். அதில் பங்குடையவர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மலேசியச் சட்டமும் இத்திசையில் நடந்திருக்கிறது. நோயாளிக்கு எவ்வளவு சொல்லலாம் என்பதை மருத்துவர்களின் வழக்கமே முடிவு செய்யும் என்ற நிலை முன்பு இருந்தது. 2006 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அதனை மாற்றியது. சிகிச்சையின் இடர்களைத் தெரிவிப்பதில், நோயாளி எதனை முக்கியம் எனக் கருதுவார் என்பதே அளவுகோல் என்றது. நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை அளிப்பதிலும் மருத்துவத் துறையின் அளவுகோலே தொடரும் என்பதை அதே நீதிமன்றம் 2017-இல் தெளிவாக்கியது. இதனால் இருவர் உரிமையும் வரையறை பெறுகின்றன. தாம் தகாதெனக் கருதும் அறுவையைச் செய்யுமாறு எந்த மருத்துவரையும் வற்புறுத்த முடியாது. அறியத்தக்கதை நோயாளியிடமிருந்து மறைக்கவும் முடியாது. சட்டம் செய்வதன் இடர்களைப் பற்றியே பேசிற்று; அறம் இன்னும் ஓரடி முன்னே செல்கிறது. செய்யாதிருப்பதற்கும் இடர் உண்டு. பத்தாண்டு கழித்துப் பழுதுபடக்கூடிய சிறுநீரகமும் மங்கக்கூடிய பார்வையும் அக்கணக்கில் சேர வேண்டியவை. ஒரு பக்கத்து இடரை மட்டும் உரைப்பது பாதி உண்மையே.

மருத்துவரின் தயக்கம் எல்லார்மீதும் ஒரே எடையோடு விழுவதில்லை என்பதும் கருதத்தக்கது. பொருளுடையவர் தனியார் மருத்துவமனைக்கு நேரே சென்று அறுவை வல்லுநரைக் காணலாம். பாலம் கடந்தும் போகலாம். ஒரு ரிங்கிட் கட்டணத்தில் அரசாங்கக் கிளினிக்கில் பார்த்துக்கொள்ளும் ஏழைக்கோ, நிபுணரிடம் செல்ல ஒரு கடிதம் வேண்டும். அக்கடிதத்தை எழுதும் கை தயங்கினால் அவருக்கு வழியே அடைபடுகிறது. செல்வருக்கு ஆலோசனையாக இருக்கும் ஒரே சொல் வறியவருக்குத் தீர்ப்பாகிவிடுகிறது. தம் சொல்லுக்கு இத்தகைய வலிமை உண்டென்பதை உணர்ந்த மருத்துவர், அதனை இருமடங்கு கவனத்தோடு பயன்படுத்துவார்.

துணிந்தவருக்கும் கடமைகள் உண்டு. அறுவை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் வரும் வாழ்வோ நீண்டது. சிறிதளவே உண்ணப் பழக வேண்டும். இரும்பு, கால்சியம், பி12 முதலிய சத்துகளை வாழ்நாள் முழுதும் மருந்தாக உட்கொண்டு, இரத்தத்தைச் சோதித்துவர வேண்டும். சிலருக்குச் சில ஆண்டுகளில் எடை மீண்டும் ஏறுகிறது. கத்தியின்றி எடை குறைக்கும் ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. செமாகுளூட்டைடு என்னும் மருந்து 68 வாரத்தில் சராசரியாக 15 விழுக்காடு எடையைக் குறைத்ததென 2021-இல் ஓர் ஆய்வு காட்டியது. நிறுத்திய ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரு பங்கு திரும்பிவிட்டதெனத் தொடர்ந்து வந்த ஆய்வு காட்டியது. இவற்றையெல்லாம் கேட்டறியாமல் துணிவது துணிவாகாது. கல்யாண மண்டபத்தில் கேட்ட ஏளனச் சொல்லே ஒருவரை அறுவைக்குத் தூண்டுமாயின், அவ்வேதனை உண்மையானதே; ஆனால், பிறர் வாயிலுள்ள நோய்க்குத் தம் வயிற்றை அறுத்தல் மருந்தாகாது.

மேலும் ஒன்று உண்டு. தயங்கும் மருத்துவரை விட்டு விலகி, அவருக்குத் தெரியாமலே வேறோரிடத்தில் அறுவை முடித்து வருபவர், பின்னாளில் தலைசுற்றலும் சோர்வும் வரும்போது அதே மருத்துவரின் கதவைத்தான் தட்ட நேரிடும். இனிப்புநீர் மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியவரும், இரத்தச் சோகையை முதலில் காண வேண்டியவரும் அவரே. ஆகவே, அவரோடு வாதாடலாம்; அவரை இழத்தல் கூடாது.

நோயாளி கேட்டதற்கெல்லாம் கடிதம் எழுதித் தந்தால் மருத்துவர் வெறும் எழுத்தர் ஆகிவிடமாட்டாரா என்று வினவுவோர் உண்டு. வினா நியாயமானதே. ஆயினும், நிபுணரிடம் அனுப்புதல் வேறு; அறுவை செய்தல் வேறு. அங்கே அறுவை வல்லுநரும் உணவியல் அறிஞரும் பிறரும் கூடி ஆராய்ந்த பின்னரே முடிவு பிறக்கும். அந்தக் கடிதத்திலேயே தம் தயக்கத்தையும் அதன் காரணங்களையும் மருத்துவர் எழுதலாம். அவ்வாறு எழுதும்போது அவர் தம் மனச்சான்றை விட்டுக்கொடுக்கவில்லை. அதனைப் பயன்படும் இடத்துக்கு அனுப்புகிறார். வாய்க்குள் நின்றுவிட்ட தயக்கம் ஒரு தடை. காரணத்தோடு எழுதப்பட்ட தயக்கம் ஒரு துணை.

கற்றவர் சொல்லா, உற்றவர் சொல்லா என்ற வினாவுக்கு விடை இதிலிருந்தே பெறப்படும். தகுதியை ஆராய்ந்துரைத்தல் கற்றவர் கடன். கேட்டறிந்து தேர்தல் உற்றவர் உரிமை. முன்னது மௌனமானால் பின்னது குருடாகிறது; பின்னது செவிகொடாவிட்டால் முன்னது வீணாகிறது. அந்தத் தாய் அடுத்தமுறை கிளினிக்குக்குச் செல்லும்போது, “ஏன் வேண்டாம் என்கிறீர்கள், டாக்டர்?” என்று கேட்கட்டும். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “நீங்கள் ஏன் வேண்டும் என்கிறீர்கள், அம்மா?” என்று கேட்கட்டும். அவ்விரு கேள்விகளுக்கும் நேர்மையான விடை கிடைத்தபின் எழுதப்படும் கடிதமாயினும், எழுதப்படாமல் விடப்படும் கடிதமாயினும், அது அறத்தின்பாற்பட்டதாகவே இருக்கும்.