பிறர் சரீரமும் நம் துணிவும்

துணிவு ஒரு நற்குணமென்பதை எவரும் மறுக்கார். ஆயின், அத்துணிவைப் பிறருடைய சரீரத்தின்மீது செலுத்த நமக்கு உரிமையுண்டோ என்பது சற்று நின்று யோசிக்கத் தக்கதாகும்.

1929ஆம் ஆண்டில், ஜெர்மனி தேசத்து எபர்ஸ்வால்ட் என்னும் ஊரின் ஆஸ்பத்திரியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் வைத்தியர் இருந்தார். கைச் சிரையின் வழியாக மெல்லிய குழாயொன்றை இருதயம் வரையிற் செலுத்தலாமென்பது அவர் கொள்கை. தலைமை வைத்தியர் அனுமதி மறுத்தார். கருவிகளைத் தம் பொறுப்பில் வைத்திருந்த தாதியோ தம்மையே சோதனைக்கு ஒப்புவித்தார். ஃபோர்ஸ்மன் அவரை மேஜைமீது படுக்கவைத்துக் கட்டிவிட்டு, அவர் அறியாவண்ணம் தமது கைச் சிரையிலேயே குழாயைச் செலுத்திக்கொண்டார். 65 சென்டிமீட்டர் குழாய் உள்ளே கிடக்க, படியிறங்கி எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய், அதன் நுனி இருதயத்தின் வலப்புறத்தில் நிற்பதைப் படத்திற் காட்டினார். 1956இல் மற்றிருவரோடு நோபெல் பரிசும் பெற்றார்.

தாதியை ஏமாற்றியதை யான் மெச்சவில்லை. அவர் அளித்த உடலை ஏற்காது விட்டாரே, அதுவே பெருமை. அன்றியும், முதலிற் பிணத்தில் முயன்று பார்த்த பின்னரே அவர் தம் கையைத் தொட்டார்.

இக்காலத்தில், கடும் நோயாளியின் கழுத்திலோ காறையெலும்பின் அடியிலோ உள்ள பெருஞ்சிரையில் ஊசியிட்டு, இருதயத்தை அடுத்த மேற்பெருஞ்சிரை வரையிற் குழாய் விடுகின்றனர். முழங்கை மடிப்பின் சிரை கண்ணுக்குத் தெரியும். இவையோ பெரும்பாலும் தெரியா. கழுத்துச் சிரையை ஒட்டியே மூளைக்கு இரத்தங் கொண்டுசெல்லும் தமனி ஓடுகின்றது. காறையெலும்பின் அடியிற் சிரை முன்னும் தமனி பின்னுமாக இருக்க, அவற்றை நெருங்கி நுரையீரலின் உச்சி நிற்கின்றது. ஊசி சிறிது பிசகி அதன் உறையைத் துளைத்தால் காற்றுக் கசிந்து நுரையீரல் சுருங்கும். இடப்புறமாயின் நிணநீர்ப் பெருங்குழாயும் அங்கேதான் வந்து கலக்கின்றது. தோட்டத்துக் கிராணியாகிய யான் செக்ரோலில் ஒரு பெயரைப் பிழைபட எழுதினால் சிவப்பு மையால் அடித்துத் திருத்துவேன். ஊசிக்கு அச்சலுகை ஏது?

இவற்றை அறியாது ஊசியெடுப்பவன் தைரியசாலியல்லன். முகத்தைத் துணியால் மூடிக் கிடக்கும் ஒருவனது நம்பிக்கையைத் திருடுகின்றவன்.

சரி, புத்தகத்தை மனப்பாடஞ் செய்தவன் போதுமோ? போதான். பெரும்பாலோர்க்குச் சிரை தமனியின் வெளிப்பக்கத்தில் இருப்பினும், சிலர்க்கு அது தமனியின் மேலேயே படிந்திருக்கும். ஆதலின், ஒலியலைக் கருவியைக் கழுத்தில் வைத்து, இந்த மனிதனுக்கு எங்கே இருக்கின்றதெனப் பார்த்தல் வேண்டும். அழுத்தினால் எளிதில் அமுங்குவது சிரை. அமுங்காது துடிப்பது தமனி.

அப்பாலும் தவறு நேர்ந்து, பெரிய குழாய் கழுத்துத் தமனிக்குள் நுழைந்துவிட்டால் என் செய்வது? பதறியவன் உடனே உருவுவான், இரத்தம் பீறிடும். அறிந்தவன் அதனை அவ்வாறே விட்டுவிட்டு, இரத்தக்குழாய் ரண வைத்தியரை அழைத்துவர ஆளனுப்புவான்.