கண், உயிர், கைபேசி

குடும்பத்தோடு சென்ற இடத்தில் கண்ணில் பட்ட அழகைக் கைபேசியில் படமெடுப்பது, காண்பதைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்பது சமயத்தையும் தத்துவத்தையும் நேரே தொடும் கேள்வி. கோயிலின் தூய்மையையும் புனிதத்தையும் காக்கவென்று, 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. கருவறைமுன் அந்தத் தடை சரியானதே. கோயிலுக்கு வெளியே, அன்றாட அழகின்முன் கேள்வி அப்படியே நிற்கிறது.

சைவ சித்தாந்தத்தில் இதற்குக் கூர்மையான விளக்கம் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டே நூற்பாக்கள் கொண்ட சிறு நூல். அதன் பதினோராம் நூற்பா கண்ணை உவமையாக எடுக்கிறது. கண் தானாகக் காண்பதில்லை. உயிர் உடனிருந்து காட்டினால்தான் காணும். கண் திறந்திருந்தும் நினைவு வேறெங்கோ இருந்தால் எதிரே வருபவர்கூடத் தெரிவதில்லை. அவ்வாறே உயிரும் இறைவன் உடனிருந்து காட்டவே காண்கிறது. உயிருக்கு இன்னோர் இயல்பும் உண்டு. எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும். இப்படிப் பார்த்தால் கருவி கையில் இருப்பது குற்றமன்று. உயிர் எதைச் சார்ந்து நிற்கிறது என்பதே வினா. காட்சியைச் சார்ந்த உயிர் கைபேசி வழியாகவும் காணும். படத்துக்குக் கிடைக்கப்போகும் பாராட்டைச் சார்ந்த உயிர், கைபேசி இல்லாவிட்டாலும் காணாது.

இதைச் சோதித்துப் பார்க்க மாமல்லபுரம் போலப் பொருத்தமான இடம் அரிது. அர்ச்சுனன் தபசு என்று மக்கள் சொல்லும் பெரும்பாறையில், பல்லவர் காலச் சிற்பிகள் தேவர்களையும் முனிவர்களையும் செதுக்கிய அதே அக்கறையோடு, பின்னங்காலால் முகத்தைச் சொறியும் மானையும் செதுக்கினார்கள். முன்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனையும் அதன் காலடியில் எலிகளும் அங்கே உண்டு. அருகிலுள்ள கிருஷ்ண மண்டபத்தில் கோவர்த்தனத்தைத் தாங்கி நிற்கிறான் கண்ணன். பக்கத்தில் ஓர் ஆயர் பால் கறக்கிறார். பசு கன்றை நக்கிக்கொடுக்கிறது. மலையே குடையாகிய வேளையிலும் பால் கறப்பது நிற்கவில்லை. அன்றாட வாழ்வும் தெய்வத்தின் அருகே இடம்பெறத் தக்கது என்று உளியால் சொன்ன கருத்து இது. தமிழ்நாட்டுச் சிற்பங்களில் இந்த அளவு மனத்தைத் தொடுபவை சிலவே.

கிருஷ்ண மண்டபச் சிற்பத்தின்முன் விஜயநகரக் காலத்தில் தூண் மண்டபம் எழுப்பப்பட்டதால் உள்ளே வெளிச்சம் குறைவு. கைபேசி நொடிப்பொழுதில் பல படங்களை எடுத்து ஒன்றாக்கி, நிழலில் இருப்பதையும் துலக்கிவிடுகிறது. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கோ இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் வேண்டும். அதற்குள் படமெடுத்துக்கொண்டு வெளியேறும் குடும்பத்திடம் தெளிவான படம் இருக்கும். கன்றின்மேல் படிந்த பசுவின் நாக்கை அவர்களில் ஒருவரும் கண்டிருக்கமாட்டார்.

உளவியல் ஆய்வும் இதற்கு அருகில் வருகிறது. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களை முழுதாகப் படமெடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே அவற்றை நினைவில் வைத்திருந்தனர். ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது அந்தக் குறை காணப்படவில்லை. படத்தில் வராத பகுதிகளும் நினைவில் நின்றன. எதை எடுப்பது என்று தேரும் கணத்தில் உயிர் கண்ணோடு வந்து சேர்ந்துகொள்கிறது என்று சித்தாந்தி இதற்கு உரை எழுதக்கூடும்.

குடும்பமாகப் போகும்போது காட்டுவது என்பது ஒருவர் மற்றவருக்குச் செய்யும் தொண்டாகவும் ஆகிறது. மானைப் பாட்டிக்குக் காட்டும் பேரன், தான் கண்டதை மறுபடியும் காண்கிறான். எட்டாத உயரத்திலுள்ள உருவத்தைத் திரையில் பெரிதாக்கி, பார்வை மங்கியவருக்குக் காட்டுவதைவிட நல்ல பயன் கைபேசிக்கு இல்லை. பாறைமுன் எல்லாரும் சேர்ந்து நின்று எடுத்துக்கொள்ளும் படமும் இழிவானதன்று. அது உறவின் பதிவு.

மாமல்லபுரம் செல்லும் குடும்பங்கள் கிருஷ்ண மண்டபத்துக்குள் நுழைந்ததும் கைபேசியைச் சற்று நேரம் பையிலேயே வைத்திருக்கட்டும். கண் இருட்டுக்குப் பழகி, கன்று தெரிந்தபின், வர இயலாமல் வீட்டில் இருப்பவர்களுக்காகப் படம் எடுக்கட்டும்.