முன்மாதிரி என்னும் உரைகல்

மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் நம் மகன் ஒரு நாள் மஃரிபுத் தொழுகைக்குப் பின் ஆங்கிலப் பாடப் புத்தகத்துடன் வந்து உட்கார்ந்தான். “வாப்பா, பாரகன் என்றால் என்ன?” என்று கேட்டான். செருப்பின் பெயராக மட்டுமே அந்தச் சொல்லை அவன் அறிவான். “குறையில்லாத முன்மாதிரி என்று பொருள்” என்றோம். “எபிடமிக்கும் அதே பொருள்தான் போட்டிருக்கிறது. எக்ஸாம்ப்ளருக்கும் அதேதான். ஒரே பொருளுக்கு இத்தனை சொற்கள் எதற்கு?” என்றான். இருவருமாக அகராதியைப் புரட்டினோம். மகனுக்குப் பதில் தேடப்போன நமக்கே அங்கே ஒரு பாடம் இருந்தது.

எக்ஸாம்ப்ளர் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. வெளியே எடுக்கப்பட்டது என்பது அதன் வேர்ப்பொருள். மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துக் காட்டுகிறோம் அல்லவா? நம் தமிழின் ‘எடுத்துக்காட்டு’ என்ற சொல்லிலும் இதே கருத்துத்தான் இருக்கிறது. எபிடமி கிரேக்கச் சொல். பெரிய நூலை வெட்டிச் சுருக்கிய சுருக்கத்துக்கு அது பெயர். ஒரு குணம் முழுவதும் ஒருவரிடம் திரண்டு நின்றால் அவரை அக்குணத்தின் எபிடமி என்பார்கள். அது நற்குணமாகவும் இருக்கலாம், தீய குணமாகவும் இருக்கலாம். பொறுமைக்கும் சொல்வார்கள், பேராசைக்கும் சொல்வார்கள். பாரகன் அப்படியல்ல. கேலியாகச் சொன்னாலன்றி, அது நல்லவருக்கே உரிய சொல். அதன் பிறப்பிடத்தைப் பார்த்தபோதுதான் நாம் வியந்தோம். இத்தாலி மொழியில் அதற்கு முதலில் இருந்த பொருள் உரைகல்!

உரைகல்லை நம் தாய்மார்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இன்று பெரிய கடைகளில் தங்கத்தைச் சோதிக்க இயந்திரங்கள் வந்துவிட்டாலும், கறுப்புக் கல்லில் நகையை உரசிப் பார்க்கும் பத்தரை அவர்கள் கண்டிருப்பார்கள். நகையை உரசியதும் கல்லில் ஒரு கோடு விழும். மாற்று இன்னதென்று தெரிந்த பொன்னை அதன் பக்கத்திலேயே உரசி, இரண்டு கோடுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். நகையில் எவ்வளவு செம்பு கலந்திருக்கிறது என்பது அங்கே வெளிப்பட்டுவிடும். திருவள்ளுவரும் மனிதரின் பெருமை சிறுமையை அறிய அவரவர் செயலையே இந்தக் கல்லுக்கு ஒப்பிட்டார்.

இங்கேதான் நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. ஒருவரை முன்மாதிரி என்று நாம் சொல்லும்போது அவரை உரைகல்லாகக் கொள்கிறோமா, அல்லது அலமாரியில் வைத்த அலங்காரப் பொருளாகக் கொள்கிறோமா?

அல்லாஹுத் தஆலா தன் திருமறையில் ‘உஸ்வத்துன் ஹஸனா’, அழகிய முன்மாதிரி, என்ற சொற்களை மூன்று இடங்களில் அருளியிருக்கின்றான். அவற்றுள் இரண்டு, இப்ராஹீம் நபி (அலை) அவர்களையும் அவர்களோடு இருந்தவர்களையும் பற்றி 60ஆவது அத்தியாயத்தில் வருகின்றன. மற்றொன்று நம் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றியது. அது எந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அகழ்ப் போரைப் பேசும் அஹ்ஸாப் அத்தியாயத்தில், 21ஆவது வசனமாக இருக்கிறது. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு (கி.பி. 627) மதீனாவைச் சூழ எதிரிகள் திரண்டபோது, அண்ணலார் தோழர்களுடன் இறங்கி அகழ் தோண்டினார்கள், மண் சுமந்தார்கள். அவர்களது திருவயிற்றின் வெண்மையைப் புழுதி மறைத்திருந்தது என்றும், பசியினால் வயிற்றில் கல் கட்டியிருந்தார்கள் என்றும் புகாரி ஷரீபில் காண்கிறோம். அழகிய முன்மாதிரி என்று இறைவன் காட்டியவர்கள் அன்று நின்றது மண்ணும் புழுதியுமான பள்ளத்தில்!

அடுத்த ஆண்டு ஹுதைபிய்யாவில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். உம்ராச் செய்யாமலே திரும்ப வேண்டிய உடன்படிக்கை அது. தோழர்களின் உள்ளம் உடைந்திருந்தது. பிராணிகளை அறுத்துத் தலைமுடியைக் களையுங்கள் என்று அண்ணலார் மூன்று முறை சொல்லியும் ஒருவரும் எழவில்லை. மனம் வருந்திக் கூடாரத்துக்குள் வந்த அவர்களுக்கு அன்னை உம்முஸலமா (ரலி) ஓர் ஆலோசனை சொன்னார்கள். எவரிடமும் எதுவும் பேசாமல் தாங்கள் முதலில் அறுத்து, முடி களையுங்கள் என்றார்கள். அவ்வாறே செய்தார்கள். அதைக் கண்டதும் தோழர்கள் அனைவரும் எழுந்து அப்படியே செய்தனர். மூன்று முறை சொல்லியும் ஆகாத காரியம், செய்துகாட்டியதும் ஆயிற்று. இந்த உண்மையை அந்த நெருக்கடியில் கண்டுகொண்டவர் ஒரு பெண்மணி.

“அவர்கள் நபி. நாம் எங்கே, அவர்கள் எங்கே? குறையில்லாத ஒருவரைக் குறையுள்ள நாம் எப்படிப் பின்பற்ற முடியும்?” என்று சிலர் கேட்பதுண்டு. அது அடக்கமாகத்தான் தோன்றும். ஆனால் அதற்குள் ஒரு தப்பித்தல் ஒளிந்திருக்கிறது. பொன்னைக் கல்லாகிவிடு என்று உரைகல் கேட்பதில்லை. உன்னில் கலப்பு எவ்வளவு என்றுதான் காட்டுகிறது. மாற்றுக் குறைந்த பொன்னைப் பத்தர் தெருவில் எறிவதில்லை. உருக்கிச் சுத்தம் செய்கிறார். இமாம் என்ற அரபுச் சொல்லுக்கு, கட்டடம் கட்டுவோர் வரிசை நேராக அமைய இழுத்துக் கட்டும் நூல் என்ற பொருளும் பழைய அகராதிகளில் உண்டு. நூல் நேராக இருக்கிறதே என்று எந்தக் கொத்தனாரும் மனம் தளர்வதில்லை. நூல் கோணலாக இருந்தால்தான் அவருக்குக் கவலை.

உரைகல்லைத் தவறாகப் பயன்படுத்துவதும் உண்டு. “அடுத்த வீட்டுப் பையனைப் பார், அவனைப் போல் இரு” என்று பிள்ளைகளை இன்னொரு பிள்ளையின் மீது உரசுகிறோம். பிள்ளையின் உள்ளத்தில் காயம் மிஞ்சுகிறதே தவிர, மாற்று ஒன்றும் கூடுவதில்லை. உரைகல்லில் முதலில் உரச வேண்டியது அவரவர் பொன்னைத்தான்.

அண்ணலார் வீட்டில் இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டதற்கு, வீட்டாரின் பணிகளில் உதவியாக இருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) விடை கூறினார்கள். தம் ஆடையைத் தாமே தைத்ததையும், தம் செருப்பைத் தாமே செப்பனிட்டதையும் அறிவிப்புகளில் காண்கிறோம். இதையெல்லாம் மகனுக்கு உருக்கமாக விளக்கிக்கொண்டிருந்தபோது, நமக்குத் தொண்டை வறண்டது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் செம்பு இருந்தது. அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அவன் தாயைத் தண்ணீருக்கு அழைத்தோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஊற்றித் தந்துவிட்டுப் போனார். மகன் ஒன்றும் சொல்லவில்லை. செம்பைப் பார்த்தான், பிறகு நம்மைப் பார்த்தான்.

நம் கோடு கல்லில் விழுந்துவிட்டது என்று அப்போது உணர்ந்தோம். இரவு உணவு முடிந்ததும் தட்டுகளை எடுத்துக்கொண்டு நாமே எழுந்தோம். மகனும் கூடவே எழுந்தான். அவனை யாரும் அழைக்கவில்லை.

அழகிய முன்மாதிரியை நாவால் புகழ்வதோடு நின்றுவிடாமல், அன்றாடம் அதில் நம்மை உரைத்துப் பார்க்கும் துணிவை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.