தலபுராணமும் ஆசிரியர் வாய்மையும்

சைவபாடசாலைகளிலே சமயபாடங் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு அடிக்கடி நேரும் இடர் ஒன்றுண்டு. தலபுராணத்தை எடுத்துரைக்கும்போது, "ஐயா, இது மெய்யாக நிகழ்ந்ததா?" என்று மாணாக்கன் ஒருவன் வினாவுவான். "நிகழ்ந்ததே, ஐயுறாதே" என்று அதட்டி அடக்குவாரும் உளர். "எல்லாங் கட்டுக்கதை" என்று நகைத்து விடுவாரும் உளர். இவ்விருவர் செயலும் வாய்மைக்கு இழுக்காம் என்பதே நமது கருத்து. அதனைத் திருக்கோணேச்சரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

திருகோணமலையிலே கடலை நோக்கி ஓங்கி நிற்கும் சுவாமிமலையில் எழுந்தருளியிருக்கும் கோணேசப்பெருமானைக் குறித்து மூவகைச் செய்திகள் நம்மிடம் உள. இராவணன் தன் தாயின் வழிபாட்டின்பொருட்டு அம்மலையைப் பெயர்க்கக் கருதி வாளால் வெட்டினான் என்பதும், இராவணன்வெட்டு எனப்படும் பிளவு அதுவே என்பதும், அத்தாயின் அந்தியக்கிரியைக்காகக் கன்னியா வெந்நீரூற்றுக்கள் தோன்றின என்பதும் புராணச் செய்திகள். கி. பி. 7 ஆம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தமூர்த்திநாயனார் இத்தலத்தின்மேற் பதிகம் அருளினார் என்பதும், 1620-களிலே போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அதன் கற்களைக்கொண்டு கோட்டை கட்டினர் என்பதும் சரித்திரச் செய்திகள். கண்ணாற் காணப்படுவன மூன்றாம் வகை. கோட்டை வாயிற் கல்லிற் பொறித்த கயலுருவும் சிதைந்த தமிழெழுத்தும், 1950 ஆம் ஆண்டிலே கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட சோமாஸ்கந்தர் முதலிய பழைய செப்புத் திருமேனிகளும், 1956 ஆம் ஆண்டிலே ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் அக்கடலில் மூழ்கி ஆராய்ந்த காலத்துக் கிடைத்த சிவலிங்கமும் அவ்வகையின.

இம்மூன்றனையும் ஒன்றாகக் குழைத்து ஊட்டுதல் நம் சாத்திர நெறிக்கு ஒவ்வாது. சிவஞானசித்தியார் பொருளியல்பு கூறப் புகுமுன் அளவையிலக்கணமே கூறிற்று. பல அளவைகளும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்றும் அது வரையறுத்தது. எதனை எவ்வளவையால் அறிந்தோம் என்று தெளியாதவன் அறிந்ததாகச் சொல்வது அறிவாகாது. கல்லையும் திருமேனியையும் காட்சியால் அறிகின்றோம். அவற்றிலிருந்து முற்காலத்து நிகழ்ச்சியைக் கருதலால் அறிகின்றோம். இறைவன் அருளியல்பையும் உயிரின் இயல்பையும் ஆன்றோர் உரையால் அறிகின்றோம். உரையால் அறிவதனைக் கல்லிலே தேடுதலும், கல்லால் அறிவதனைக் கதையால் நிறுவுதலும் பிழையாம்.

கோட்டை வாயிற் கல்லையே நோக்குக. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னாளிற் பறங்கியர் அழிப்பர் என்னும் பொருளுடைய பாட்டொன்று மக்கள் நாவில் வழங்குகின்றது. கல்லில் எஞ்சியிருப்பதோ அப்பாட்டின் சில பகுதிகளே. முழுப்பாட்டும் கல்லில் உண்டென்று கூறும் ஆசிரியர், அதனை நேரிற் சென்று கண்ட மாணாக்கன்முன் என் செய்வார்? அங்ஙனமே இன்றுள்ள கோயிலைக் காட்டி, "இது குளக்கோட்டன் கட்டியது" என்றலும் தகாது. அது 1963 ஆம் ஆண்டிலே கும்பாபிஷேகங் கண்ட திராவிட முறைக் கோயிலாம். கோட்டையிற் புகுந்த கற்களும் கடலடியிற் கிடக்கும் தூண்களுமே பழைய கற்கோயிலுக்குச் சான்று.

அஃதாயின் இராவணன் கதையை விடுத்துவிடலாமோ எனின், விடலாகாது. அக்கதை பாறை பிளந்த வகையை விளக்க எழுந்ததன்று. வலியிற் சிறந்தவனும் இறைவனைத் தன் கையாற் பெயர்த்துக் கொள்ளுதல் இயலாது என்பதும், செருக்கு ஒடுங்கியவிடத்து அருள் வெளிப்படும் என்பதுமே அதன் உள்ளுறை. சம்பந்தப்பெருமான் பதிகந்தோறும் பெரும்பாலும் எட்டாந் திருப்பாட்டிலே இராவணனை நினைப்பித்தமையும் இதுபற்றியேயாம். இவ்வுண்மை பாறையை ஆராய்வோன் சொல்லாற் கெடுவதன்று. அவன் சொல்லால் நிலைபெறுவதுமன்று.

"இளம்பிள்ளைகளிடம் இவ்வாறு வேறுபடுத்திக் கூறினாற் பத்தி குன்றாதோ?" என்பார் உளர். அவர் அச்சம் அன்பினாற் பிறந்ததேயாயினும், அதற்குக் கோணமலையே விடையாகும். கோயில் இடியுண்டபின் முந்நூறாண்டிற்கு மேலாக அவ்வுச்சியிலே விமானமில்லை, கோபுரமில்லை. எனினும் ஆங்கிலேயர் காலத்திலும் அடியார்கள் வெறும் பாறை விளிம்பிலே பூவும் பழமும் இட்டு வழிபட்டனர். காட்டுதற்குக் கட்டடம் ஒன்றுமில்லாதபோதும் குன்றாத பத்தி, உண்மையைச் சொல்வதாற் குன்றுமோ? பத்தி குன்றுவது பிறிதோரிடத்திலாம். ஆசிரியர் சான்றில்லாததைச் சான்றுண்டென்று சொல்லினார் எனப் பின்னாளில் அறியும் மாணாக்கன், அவர் கூறிய திருவருளையும் அதனோடு சேர்த்துத் தள்ளுவான். அவ்விழப்புக்குப் பொறுப்பாளர் யார்?

ஆதலால் ஆசிரியர்கள் தலவரலாறு கற்பிக்கும்போது மூன்று சொற்களைப் பழகிக்கொள்வாராக. "காண்கின்றோம்" என்பது ஒன்று, "சான்றுகளால் உணர்கின்றோம்" என்பது மற்றொன்று, "பெரியோர் இவ்வாறு உரைத்தனர், அதன் பொருள் இது" என்பது மூன்றாவது. ஒவ்வொரு செய்தியையும் இவற்றுள் உரிய சொல்லோடு கூறுக. போர்த்துக்கேயர் செயலைக் கூறுமிடத்தும் நிகழ்ந்ததனை நிகழ்ந்தவாறே கூறுக. இன்றுள்ள பிற சமயத்தார்மேற் பகைமை விளையுமாறு அதனை மிகுத்துரையற்க. மிகுத்துரைத்தலும் பொய்யின் ஒருவகையேயாம்.

மெய்ப்பொருளாகிய சிவத்தை வழிபடுவோர் மெய்யல்லாததன் துணையை வேண்டார். வினாவுகின்ற மாணாக்கன் சமயத்தின் பகைவனல்லன். தக்க விடை பெறின் அவனே நாளைத் திருக்கோயிலைக் காப்பவனாவான். அவன் வினாவுக்கு அஞ்சாது மறுமொழி கூறும் ஆசிரியருக்குக் கோணேசப்பெருமான் திருவருள் துணைநிற்பதாக.