மலிவும் விரதமும்

சமண இல்லறத்தாருக்கு உடைமையில் வரம்பு கட்டிக்கொள்வது ஐந்தாம் அணுவிரதம். பேத்தி காட்டிய மலிவு மடிக்கணினியை நான் அந்தக் கண்ணால்தான் பார்த்தேன். 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சமே அவ்வளவுதான். அது உட்கார்ந்தபின் மூச்சுவிட இடமிருக்காது. இந்த ரகத்தில் பெரும்பாலும் இரண்டும் பலகையோடு பற்றவைத்தவை, பின்னால் கூட்டவும் முடியாது.

ஒருமுறை துய்த்தால் தீர்வது போகம், திரும்பத் திரும்பப் பயன்படுவது உபபோகம். இரண்டுக்கும் அளவு வை என்கிறது எங்கள் அறம். சோறு முதல் வகை, சேலை இரண்டாவது. சீக்கிரமே குப்பைக்குப் போகிற கணினியை நான் சோற்றோடுதான் சேர்ப்பேன். விலை குறைந்தால் ஆசை குறைந்ததாகிவிடுமா?

“பழைய திங்க்பேட் பாரேன், ராம் மாற்றலாம்” என்றேன்.

“பழசா பாட்டி?”

“லினக்ஸ் போட்டு, பாடம் மட்டும் தட்டச்சுவாய் என்றால் நீ காட்டிய மலிவுக் கணினியே போதும்.”

வீடியோவும் வெட்ட வேண்டுமாம்.