பந்தில்லாத நேரம்

கால்பந்தாட்டம் 90 நிமிடம். ஒரு வீரரின் காலில் பந்து இருப்பதோ சில நிமிடங்கள்தான். மீதி நேரத்தில் அவர் செய்வதே அவருடைய தரத்தைச் சொல்லும்.

தேர்ந்த முன்கள வீரர் தடுப்பாளரின் முதுகுப் பக்கம் நிற்கிறார். பந்து எங்கே என்று பார்க்கத் தடுப்பாளர் தலையைத் திருப்பும் நொடியில், காலி இடத்துக்குப் பாய்கிறார். பல ஓட்டங்களுக்குப் பந்து வருவதே இல்லை. ஆனாலும் அந்த ஓட்டம் ஒரு தடுப்பாளரைத் தன் பின்னால் இழுத்துப் போகிறது. கூட்டாளிக்கு வழி பிறக்கிறது.

2002 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், தன்னை நோக்கி வந்த பந்தை பிரேசில் வீரர் ரிவால்டோ தொடாமலே கால்களுக்கிடையே போகவிட்டார். ஜெர்மனியின் தடுப்பு ஏமாந்தது; சக வீரர் ரொனால்டோ கோல் அடித்தார். ஸ்கோர் அட்டையில் ரிவால்டோ பெயர் இல்லை. ஆனால் அவர் இல்லாமல் அந்தக் கோல் இல்லை.

வாழ்க்கையிலும் எல்லார் பார்வையும் நம் மேல் இருக்கும் நேரம் கொஞ்சம். பார்வை படாத நேரத்தில் சும்மா நிற்பவரை வாய்ப்பு கடந்து போய்விடும். ஓயாமல் இயங்குபவர் தனக்கும் இடம் தேடுகிறார், பிறருக்கும் இடம் தருகிறார்.